லாப்தெவ், எழுபத்தெட்டாவது நிமிடம்

பதினோரு நிமிடம் இல்லை, பன்னிரண்டு. கால்பந்தாட்டத்தில் எழுபத்தெட்டாவது நிமிடத்தில் ஒருவன் மைதானத்துக்குள் போய், தொண்ணூறில் நடுவர் விசில் ஊதினால் அது பன்னிரண்டு நிமிடம். கழித்தல் தெரிந்த யாரும் சொல்லலாம். இந்த அறையில் இருக்கும் நாற்பது பேரும் பொறியாளர்கள், ரெச்சென்ஸ்க் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் சோவியத் அரசின் செலவில் ஆறு வருடம் கணிதம் படித்தவர்கள், ஆனாலும் முப்பத்தெட்டு வருடமாக அருள்தாஸைப் பதினோரு நிமிஷம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறான். கீழ்ப்பாக்கத்தில் ஒரு ஹோட்டலின் முதல் மாடி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டே முக்கால், பழைய மாணவர் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டம், கூடவே அருள்தாஸின் பணி ஓய்வுப் பாராட்டு. ஏசிக்கு நேர் கீழே என்னை உட்கார வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்த வாளி என் இடது காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான்கு விநாடிக்கு ஒரு சொட்டு. மேடையில் மதியழகன் மைக்கைப் பிடித்திருக்கிறான், அந்தக் காலத்தில் விடுதிச் சமையலறையில் கரண்டியைப் பிடித்த அதே பிடி. "கதை உங்களுக்கெல்லாம் மனப்பாடம். ரஷ்யாக்காரன் கிளப்பு, பேரு போர்ஷென். அதுல நம்ம பதினோரு நிமிஷம் பதினோரு நிமிஷம் ஆடினாரு. பாத்தவன் ஒருத்தன் கூட இங்க கிடையாது. சாட்சி டெல்லில இருக்குது, டெல்லில இருக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரு. இன்னிக்கு சாட்சி முன் வரிசைல குளிர்ல ஒக்காந்திருக்கு." நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின. "வேதாசலம் ஆமான்னு ஒரு வார்த்த சொல்லட்டும், இந்த மீசைய இங்கேயே எடுத்துடறேன். பார்பர்லாம் வேணாம், பிரியாணிக்காரர்கிட்ட கத்தி இருக்குது." சிரிப்பு. அருள்தாஸும் சிரிக்கிறான். தோளில் சந்தன நிறச் சால்வை, இப்போதுதான் போர்த்தினார்கள், அவன் உயரத்துக்கு அது பாதி முதுகோடு நின்றுவிட்டது. என் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மஞ்சளாகிப் போன ஒரு தாள்.

போர்ஷென் என்றால் பிஸ்டன். எஞ்சின் தொழிற்சாலையின் கிளப்புக்கு வேறு எப்படிப் பெயர் வைப்பார்கள். முதல் அணியைப் பற்றி ஏற்கெனவே மூன்று புத்தகம் வந்துவிட்டது, அதில் எனக்கு அக்கறை இல்லை, முதல் அணியைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் எழுதுவது ரிசர்வ் அணியின் வரலாறு. 1949இல் தொடக்கம், 1953இல் ஒரு செம்மறிப் பண்ணை அணியிடம் ஒன்பது கோல் தோல்வி, 1961இல் அணியின் பேருந்தை உருளைக்கிழங்கு அறுவடைக்கு அனுப்பிவிட்டதால் மூன்று மாதம் ஆட்டமே இல்லை, 1972இல் மாவட்டத்தில் நான்காவது இடம், அதுதான் பொற்காலம். 1994இல் கலைத்தார்கள், பிறகு வேறு பெயரில் திறந்தார்கள், மறுபடி கலைத்தார்கள், மறுபடி வேறு பெயர். ரிசர்வ் அணி என்பது மனிதர்களைக் கெட்டுப்போகாமல் வைத்திருக்கும் அறை. ரதியோனொவ் என்று ஒரு கோல்கீப்பர், பதினான்கு வருடம், இருநூற்றுப் பதினோரு ஆட்டம், எல்லாம் ரிசர்வில். ஒரே ஒரு தடவை முதல் அணிக்குக் கூப்பிட்டார்கள். புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நாலு நிமிடம் தாமதமாக வந்தான், பேருந்து போய்விட்டிருந்தது. அடுத்த நாள் பயிற்சிக்கு வழக்கம்போல வந்து நின்றானாம். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததற்காக வருத்தமும் வரவில்லை, அந்தப் பத்தியை மூன்று முறை திருத்தி இன்னும் கூர்மையாக்கினேன். கிளப்பின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலரில் என் அத்தியாயம் வருகிறது. அவர்களுடைய ஆவணங்கள் எல்லாம் நிலவறையில் வெள்ளம் புகுந்து கூழாகிவிட்டன. அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் கலீனா பாவ்லொவ்னா எழுதியிருந்தாள்: வேதா அவர்களே, 1985ஆம் ஆண்டுக்கு உங்களிடம் இருக்கும் ஏழு தாள்களைத் தவிர உலகத்தில் வேறு ஆதாரமே இல்லை. உலகத்தில். அந்தச் சொல்லை நான் ஒரு வாரம் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தேன்.

உலகத்தில் வேறு ஆதாரமில்லாத ஏழு தாள்களையும் எழுதியது நான்தான் என்பது கலீனா பாவ்லொவ்னாவுக்கும் தெரியும், அதில் அவளுக்குத் தவறாக எதுவும் படவில்லை. பயிற்சியாளர் அனதோலி குஸ்மிச்சின் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது. உதவியாளன் குடிகாரன். செவ்வாயும் வியாழனும் மைதானத்து ஓரத்தில் வந்து நின்றுகொண்டிருந்த இந்தியப் பையனுக்கு முத்து முத்தான கையெழுத்து. எடு பேனாவை என்றார் குஸ்மிச். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆடுபவர்களின் பெயர்த் தாள், ஒன்று மாவட்டச் சம்மேளனத்துக்கு, ஒன்று கிளப்புக்கு, கார்பன் இன்னும் ஒரு தாளுக்குத் தாங்கும் என்பதால் மூன்றாவது எனக்கு. ஏசி தண்ணீர் சொட்டியது, வாளியில் அல்ல, என் செருப்பின் மேல், காலை இழுத்துக்கொண்டேன். அங்கே ஒரு பழக்கம் இருந்தது, அதை வெளியே யாரும் பேச மாட்டார்கள். ஆரம்பத்தில் பதிவு செய்த பெயர்கள் பதினெட்டு. ஆட்டத்தன்று அதில் இரண்டு பேர் குடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள், ஒருவன் மாமனார் வீட்டுக்கு வேலி போடப் போயிருப்பான். வந்தவன் எவனோ, அவன் வராதவன் பெயரில் ஆடுவான். தாளில் வராதவன் பெயர்தான் இருக்கும். என் ஏழு தாள்களில் அப்படிப் பொய்யான வரிகள் எனக்குத் தெரிந்தே ஒன்பது. என் அத்தியாயத்தில் லாப்தெவ் என்ற ஆட்டக்காரன் நாற்பத்தியொரு ஆட்டம் ஆடியிருக்கிறான். உண்மையில் நாற்பது. நாற்பத்தியொன்றாவது ஆட்டத்தன்று அவன் முந்நூறு கிலோமீட்டர் தள்ளித் தன் தங்கை கல்யாணத்தில் ஆடிக்கொண்டிருந்தான். ஒரே நாளில் இரண்டு ஊரில் ஆடிய ஒரே விளையாட்டு வீரன் என் புத்தகத்தில்தான் இருக்கிறான்.

"அங்கிள், ஒரு நிமிஷம்." அது ஒரு மணி நேரத்துக்கு முன்னால், படிக்கட்டில். அருள்தாஸின் மகள் எஸ்தர், பள்ளி ஆசிரியை, அப்பாவின் உயரம், கழுத்தில் கூட அதே நீளம். "அப்பா நெஜமாவே ஆடினாரா?" கேட்டுவிட்டுக் கீழே யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். "நாலாவது படிக்கறப்ப கிளாஸ்ல சொன்னேன், எங்கப்பா ரஷ்யாவுல ஃபுட்பால் ஆடினவர்னு. மிஸ் பொய் சொல்றியான்னு முட்டி போட வெச்சாங்க. வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா ஸ்கூலுக்கு வந்து, ஆமா மிஸ், சும்மா பிள்ளைகிட்ட வேடிக்கையா சொன்னதுதான்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நான் கேட்டதே இல்ல. அவரும் வீட்ல பேசினதில்ல. இங்க வந்து இவங்க கிண்டல் பண்ணாதான் பேசுவாரு." நான் தாள் கொண்டுவந்திருக்கிறேன், எல்லாம் அதில் இருக்கிறது என்றேன். பொய் இல்லை. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் ஒரு பூச்சியைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தேன். இப்போது மூன்றாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், நான் பேசப்போவதை வீடியோ எடுக்க. போன் அசையாமல் இருக்க ஒரு முழங்கையை இன்னொரு கையால் தாங்கியிருக்கிறாள்.

மேடையில் அருள்தாஸ் தானே சொல்ல ஆரம்பித்துவிட்டான், கேட்காமல் விடமாட்டார்கள். "மைனஸ் நாலுடா. தரையெல்லாம் ஐஸு. நான் எதுக்குப் போனேன்? பஸ்ல சாசேஜ் தருவாங்கன்னு வேதா சொன்னான், அதுக்குப் போனேன்." "சாசேஜ் எத்தன நிமிஷம் சாப்ட்ட?" என்று பின்னால் ஒரு குரல். "அது ஒரு நிமிஷம்தான். கோச்சு திரும்பிப் பாத்தாரு, டேய் நீளக்கால், நீ வாடான்னாரு. சட்ட ஒண்ணு குடுத்தாங்க. எவனோ போட்டுக் கழட்டின சட்ட, நல்லா சூடா இருந்துச்சு. அந்தச் சூடு இல்லன்னா நான் அன்னிக்கு வெரச்சே போயிருப்பேன்." எவனோ. எல்லா வருடமும் இந்த இடத்தில் எவனோ என்றுதான் சொல்கிறானாம், வாட்ஸப்பில் வந்த பழைய வீடியோக்களிலும் கேட்டேன், ஐந்து வீடியோவிலும் எவனோ. அவனுக்கு நினைவில்லை என்று நான் முடிவுசெய்து வெகுகாலம் ஆகிறது. பனி, அவசரம், பயம், யார் கழற்றிக் கொடுத்தார்கள் என்று எவனுக்கு நினைவிருக்கும். நினைவில்லாமல் இருப்பதுதான் எனக்கு வசதி, அதனால் அவனுக்கு நினைவில்லை.

பதினான்காம் எண் சட்டை. கழுத்துப் பட்டையில் கறை. அதற்கு முந்திய வியாழக்கிழமை குஸ்மிச் என் தோளில் கையைப் போட்டு, வேதா, இரண்டு வருடமாக மழையிலும் பனியிலும் நிற்கிறாய், கடைசி ஆட்டத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை, கடைசிப் பத்து நிமிடம் உன்னை விடுகிறேன், லாப்தெவ் பெயரில் போ என்றார். வெளிநாட்டு மாணவன் நகரத்தை விட்டுப் போவதற்கே காவல்துறை அனுமதி வேண்டும், தாளில் என் பெயர் வந்தால் அவருக்கு வேலை போகும், எனக்கு ஊருக்கு டிக்கெட். எனக்கு அதெல்லாம் சம்மதம். விடுதி அறையில் தாளை முன்கூட்டியே எழுதினேன். மாற்று ஆட்டக்காரர்: லாப்தெவ். நிமிடத்துக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டேன். அந்தக் காலி இடத்தை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை கோட்டுக்குள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பேருந்தில் ஏறினேன், யாருக்கும் தெரியக் கூடாதென்று மேல் பொத்தான் வரை பூட்டி. அருள்தாஸைக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். சாசேஜ் என்று சொன்னது பொய்ச் சாக்கு. நான் ஆடுவதை ஊர்க்காரன் ஒருவன் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு விடுதியில் போய்ச் சொல்ல வேண்டும். சாட்சிக்காகத்தான் கூட்டிக்கொண்டு போனேன். செங்கல் ஆலைக்குப் பின்னால் மைதானம், இருபது பார்வையாளர்கள், ஒரு நாய். ஒன்றுக்கு மூன்று என்று தோற்றுக்கொண்டிருந்தோம். எழுபத்தேழாவது நிமிடத்தில் ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். நான் எழுந்து கோட்டைக் கழற்றினேன். காற்று விலா எலும்புகளுக்குள் போனது, எனக்குக் குளிரவே இல்லை. குஸ்மிச் திரும்பினார். என் முழங்காலைப் பார்த்தார். அடுத்து எனக்குப் பின்னால் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தவனைப் பார்த்தார். பெரம்பூர் ரயில்வே மைதானத்தில் வெறுங்காலில் ஆடி வளர்ந்தவன் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, காலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். வேதா, கழற்று, அவனிடம் கொடு. மூன்றே துண்டு. குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை, நாற்காலியை நகர்த்தச் சொல்வது போல. பனியில் வெற்றுடம்போடு ஒரு கணம் நின்றேன். நாய் என்னைப் பார்த்தது. பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு, பேனாவை வாயில் வைத்து மையைச் சூடாக்கி, காலி இடத்தில் 78 என்று எழுதினேன். எட்டு கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

ஐந்து முறை பந்தைத் தொட்டான். நான் எண்ணினேன். நான்கு சுமார். மூன்றாவது தொடுதல் மட்டும், வலது பாதத்தின் வெளிப்பக்கத்தால், பார்க்காமலேயே, இரண்டு பேருக்கு நடுவில், பனியில் ஒரு கோடு விழுந்தது, அந்தக் கோட்டின் நுனியில் எங்கள் ஆள் நின்றான். குஸ்மிச் ம்ம் என்றார். இரண்டு வருடத்தில் நான் கேட்காத ம்ம். தூங்கப் போகும்போது அந்த ம்ம் வரும், எழுந்திருக்கும்போது வரும், டெல்லியில் முப்பத்தைந்து வருடம் டர்பைன் கையேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது வால்வு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும். குஸ்மிச் செத்துவிட்டார். அனுமதிச் சீட்டு கேட்ட நாடே இப்போது இல்லை. லாப்தெவ் எங்கே என்று எவனுக்கும் தெரியாது. ஆமாம் என்று சொல்வதால் இன்று யாருக்கும் எந்தக் கேடும் இல்லை. ஒரு அடிக்குறிப்பு போதும், ஏழு சொல்லில் முடியும். அடிக்குறிப்புகள் எழுதுவதில் எனக்குக் கூச்சம் கிடையாது, உருளைக்கிழங்குக்கு ஒன்று, நாலு நிமிடத் தாமதத்துக்கு ஒன்று, மொத்தம் இருநூற்று எண்பது எழுதியிருக்கிறேன். ஆனால் கலீனா பாவ்லொவ்னா கேட்பாள், ஒரு வரி பொய் என்றால் மற்ற வரிகள்? அது ஒரு நல்ல காரணம். கௌரவமான காரணம். அதைப் பத்து நாளாக வெளியே எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது காரணம் இல்லை, ஒரு சட்டை. தவிர, ஆமாம் என்றால் அடுத்த கேள்வி வரும், மதியழகன் விடமாட்டான், நீ அங்க எதுக்குடா போன வேதா, நீ என்ன பண்ணிட்டு இருந்த. நாற்பது தலைகள். சொட்டு. இல்லை என்றால் கேள்வியே கிடையாது, இல்லை என்பது கதவைச் சாத்துவது போல. அல்லது ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அவள் முழங்கையைத் தாங்கியிருக்கிறாள். அல்லது தாளை மட்டும் படிக்கலாம். தாளில் இருப்பதை இருப்பது போலப் படிப்பவனை யார் குற்றம் சொல்ல முடியும்.

"சாட்சி மேடைக்கு வரவும்." மதியழகன் மீசையை ஒரு கையால் மூடிக்கொண்டு பயந்தது போல நடிக்கிறான். எழுந்தபோது கால் மரத்துப் போயிருந்தது, மூன்று படி ஏறுவதற்குள் இரண்டு பேர் கைகொடுத்தார்கள். மைக் ஒரு முறை கீச்சென்றது. அருள்தாஸ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், சொல்லுடா என்பது போலவும் இல்லை, வேண்டாம் என்பது போலவும் இல்லை. உறையிலிருந்து தாளை எடுத்தேன். "வணக்கம். நான் வரலாறு எழுதுபவன். நினைவை நம்பி எழுதுவதில்லை, ஆவணத்தை நம்பி எழுதுகிறேன். இது 1985 அக்டோபர் பன்னிரண்டாம் தேதி ஆட்டத்தின் தாள். உலகத்தில் இருக்கும் ஒரே பிரதி." பிரியாணிக்காரர்கூட மூடியைத் திறக்காமல் நின்றார். ரஷ்ய மொழியிலேயே படித்தேன், எல்லோருக்கும் புரியும். "எழுபத்தெட்டாவது நிமிடம். களமிறங்கியவர், லாப்தெவ்." பிறகு தமிழில், "இந்தத் தாளில் அருள்தாஸ் என்ற பெயர் எங்கும் இல்லை." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாப்தெவ் ஆடியது பதினோரு நிமிடம் இல்லை. பன்னிரண்டு." முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு கூரை அதிர்ந்தது. "மச்சான், அவனுக்கு ஒரு நிமிஷம் எக்ஸ்ட்ரா, உனக்கு உள்ள பதினொண்ணும் போச்சு" என்று மதியழகன் கத்தினான், மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிக் காட்டினான், யாரோ மேசையைத் தட்டினார்கள். சிரிப்புக்கு நடுவில் எஸ்தரைப் பார்த்தேன். அவள் போனைக் கீழே இறக்கவில்லை, பாதியில் நிறுத்தினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். தாங்கியிருந்த கை மட்டும் மடிக்குப் போயிருந்தது.

அருள்தாஸ் கையை நீட்டினான். தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்துக்கு அருகில் பிடித்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தான், பதினெட்டுப் பெயரையும். கடைசி வரிக்கு வந்ததும் கட்டைவிரலால் அந்த எட்டை ஒரு முறை தடவினான். மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்: "கையெழுத்து அப்படியே இருக்குடா வேதா." தாளை மடிப்பு கலையாமல் மடித்து என் உறைக்குள் அவனே வைத்தான். பிறகு மைக்கில், "சரி விடுங்கடா, பேப்பர்ல இல்லன்னா இல்ல. பசிக்குது, மூடியத் தொறங்க." இன்னும் பெரிய சிரிப்பு, நாற்காலிகள் நகர்ந்தன. நான் இறங்கப் பார்த்தேன். தோளைப் பிடித்து நிறுத்தினான். "இரு. ஏசி நேரா உன் மேலதான் அடிக்குது, அப்பவே பாத்தேன், நடுங்கிட்டு ஒக்காந்திருந்த." தன் தோளிலிருந்து சால்வையைக் கழற்றினான். எனக்கு அது முழங்கால் வரை வந்தது. கழுத்தைச் சுற்றி இழுத்து, மேல் பொத்தான் பூட்டுவது போல இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துவிட்டான். கீழே யாரோ கை தட்டினார்கள், எதற்கென்று தெரியாமல் மற்றவர்களும் தட்டினார்கள். சால்வை சூடாக இருந்தது.